மாமாவுக்கு ஒரு குழாய் எக்ஸ்ட்ரா

கோயமுத்தூரில் ஒரு மோட்டார் லேசாகச் சுருதி மாறினால் போதும், தெருவே கூடிவிடும். "பேரிங் போயிருச்சுங்க" என்பார் ஒருவர். "கெப்பாசிட்டரை மாத்திப் பாருங்க" என்பார் இன்னொருவர். "வைண்டிங் கருகற வாசம் வருதுங்களே" என்று மூக்கைச் சுருக்குவார் மூன்றாமவர். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டிய ஊராச்சே, சும்மாவா!

இதே ஆசாமிகளுக்கு நெஞ்சுக்குள் இருக்கும் மோட்டார் தாளம் தப்பினால்? "அது கேஸுங்க. ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்."

எங்கள் மாமா நான்கு வருஷம் சோடா குடித்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சூலூர் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் என்ன தகராறு என்று சொல்லிவிடுவார். தன் மெஷினைப் பற்றி மட்டும் அவர் சொன்னது இது: "நெஞ்சுக்குள்ள நாட்டுக்கோழி ரெக்கை அடிக்கற மாதிரி இருக்குது மாப்ளே. அரை மணி நேரம் அடிச்சுப்போட்டு அதுவாவே நின்னுக்குது."

ஈ.சி.ஜி. எடுக்கப் போனால் கோழி சமர்த்தாகக் கூட்டில் உட்கார்ந்துகொள்ளும். ரிப்போர்ட் நார்மல். (மெக்கானிக் வந்த நிமிஷமே டி.வி. பளிச்சென்று தெரியுமே, அந்த ராசி!) கடைசியில் ஹோல்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். ராத்திரி இரண்டேகால் மணிக்குக் கோழி மாட்டிக்கொண்டது. அதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏ.எஃப்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே சர்க்குலேஷன் பணப்புழக்கம்தான். ஆனாலும் வீட்டில் 'படிச்ச பையன்' நான் ஒருவன்தான் என்பதால் டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்காரும் பாக்கியம் எனக்கு. அங்கே கேட்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் மாமாவுக்கு மில் பாஷையில் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

மில்லில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். ஒரே ஒரு சங்கு. அதைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் உள்ளே போவதும் வெளியே வருவதும். இதயத்திலும் அப்படித்தான். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் நோட் என்று ஒரு சங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60-லிருந்து 100 தடவை ஊதும். அந்த மின்சாரம் இரண்டு மேலறைகளிலும் பரவி, நடுவில் ஒரு கேட்டைத் தாண்டி, கீழறைகளுக்கு இறங்கும். லப்... டப்.

ஏ.எஃப்.பில் மேலறையில் கண்ட இடத்தில் கண்டவனும் சங்கு ஊதுகிறான். நிமிஷத்துக்கு 350-லிருந்து 600 தடவை! மேலறை சுருங்கி விரிவதை மறந்து வெறுமனே நடுங்குகிறது. கேட் வாட்ச்மேன் பாவம், எதை விடுவது எதைத் தடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை உள்ளே விடுகிறார். நாடி 'தடக்... தடக்தடக்... ... தடக்' என்று கணக்கு வழக்கில்லாமல் ஓடும்.

படபடப்புதானே, பொறுத்துக்கொள்ளலாமே என்றால், வில்லன் அதுவல்ல. நடுங்குகிற மேலறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையோடு ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் தேங்கி உறைந்த ரத்தம் ஒரு நாள் புறப்பட்டு நேராக மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைப் போல் சுமார் ஐந்து மடங்கு.

இந்த இடத்தில் மாமாவின் முகம் மாறியது.

நான் பிறப்பதற்கு முன்னால், 1986-ல், ஒரு விடியற்காலை எங்கள் அப்பச்சி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. மூன்று வருஷம் திண்ணையில் கிடந்தார். நாடி பார்க்கும் வைத்தியர் ஒருவர் அதற்கு முன்பே, "நாடி தட்டுத் தடுமாறுதுங்க பெரியவரே" என்று சொல்லியிருந்தாராம். அது ஏ.எஃப்.தானா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்பச்சியைத் தூக்கி உட்காரவைத்துக் கம்பங்கூழ் ஊட்டியது மாமாதான். அப்போது அவருக்கு வயது 23.

"செத்தாப் பரவால்ல மாப்ளே. திண்ணைல படுக்கக் கூடாது" என்றார். சோடா அன்றோடு நின்றது.

*

ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை ஆரம்பித்தார்கள். தாளத்தைச் சரி செய்ய ஒரு மாத்திரை, அது பிடிக்கவில்லை என்று இன்னொன்று. கோழி அடங்கவில்லை. "கதீட்டர் அப்ளேஷன் பண்ணிடலாங்க" என்றார் டாக்டர்.

இதய டாக்டர்களில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று இரண்டு ஜாதி உண்டு. அடைப்பு எடுப்பவர் பிளம்பர். தாளத்தைச் சரி செய்பவர் எலக்ட்ரீஷியன். இவர் இரண்டாவது ரகம். இந்த எலக்ட்ரீஷியன்களின் பிழைப்பையே மாற்றிய சம்பவம் ஒன்று 1998-ல் நடந்தது.

பிரான்சில் போர்டோ என்று ஓர் ஊர். ஒயினுக்குப் பேர்போனது. (மதுவுக்கும் இந்தக் கதைக்கும் பின்னால் ஒரு சம்பந்தம் வருகிறது, பொறுங்கள்.) அதுவரை குற்றவாளியை எல்லோரும் மேலறைக்குள்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற சர்ஜன் 1987-ல் ஒருவரின் நெஞ்சைத் திறந்து, மேலறையைக் கோடு கோடாக வெட்டித் தைத்து, மின்சாரம் இஷ்டத்துக்குச் சுற்றித் திரிய முடியாதபடி செய்தார். பலித்தது. ஆனால் அதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டுமே!

போர்டோவில் மிஷேல் ஹைசகேர் என்ற டாக்டரும் அவர் குழுவும் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் மெல்லிய கம்பிகளை விட்டு, எந்த இடத்தில் முதல் சங்கு ஊதுகிறது என்று பொறுமையாகத் தேடினார்கள். 69 இடங்கள் அகப்பட்டன. அதில் 65 இடங்கள் மேலறையில் இல்லவே இல்லை! நுரையீரலிலிருந்து சுத்த ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. நூற்றுக்கு 94. மில்லுக்குள் திருடனைத் தேடிக்கொண்டிருந்தால், அவன் கேட்டுக்கு வெளியே நின்று சங்கு ஊதிக்கொண்டிருக்கிறான்.

ரத்தக் குழாய்க்கு ஏது மின்சாரம்? இதயத்தின் தசை, சட்டைக் கை மாதிரி அந்தச் சிரைகளுக்குள் கொஞ்ச தூரம் நீண்டிருக்கிறது. வம்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆரம்பத்தில் சிரைக்குள்ளேயே போய் அந்தப் புள்ளியைச் சுட்டார்கள். சிலருக்குச் சுட்ட இடம் சுருங்கி, சிரையே அடைத்துக்கொண்டது. அப்புறம் உத்தியை மாற்றினார்கள். சங்கு ஊதுகிறவனைத் துரத்துவதை விட்டுவிட்டு, சிரையின் வாசலைச் சுற்றி ஒரு வளையம் சுட்டு வைத்தார்கள். வடு வழியாக மின்சாரம் தாண்டாது. அவன் உள்ளே எவ்வளவு ஊதினாலும் மில்லுக்குக் கேட்காது.

இதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை இடுக்கில் ஊசி குத்தி, சிரை வழியாகக் கம்பியை மேலே ஏற்றுகிறார்கள். அது வலது மேலறைக்குப் போகும். இடது மேலறைக்குப் போக நடுச்சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சிரையின் வாசலுக்கும் வளையம். ரேடியோ அலைச் சூட்டில் சுடுவது ஒரு வகை. பலூனை வாசலில் அழுத்தி உறைய வைப்பது இன்னொரு வகை. மின் துடிப்புகளால் இதயத் தசை செல்களை மட்டும் குறிவைக்கும் புது வகை ஒன்றுக்கு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் நடக்க வேண்டுமானால் உள்ளே சாலைகள் புத்தகத்தில் போட்டபடி இருக்க வேண்டும். அங்கேதான் விஷயமே!

*

பள்ளிக்கூடப் பாடத்தில் இதயப் படம் வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். இடது மேலறைக்கு நான்கு நுரையீரல் சிரைகள், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. அழகாக, கோலம் போட்ட மாதிரி. நம் உடம்பு அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. பலருக்கு இடப்பக்கத்து இரண்டும் சேர்ந்து ஒரே அகலக் குழாயாக வந்து சேரும். சிலருக்கு வலப்பக்கம் மூன்றாவதாக ஒரு குட்டிக் குழாய் இருக்கும். உறைய வைக்கும் பலூனின் சைஸுக்கும் ஓர் அளவு உண்டு. வாசல் அதைவிட அகலமாக இருந்தால் பலூன் சரியாக உட்காராது. குட்டிக் குழாயைக் கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து ஒருவன் நிம்மதியாக ஊதிக்கொண்டிருப்பான்.

இன்னும் அபூர்வமாகச் சிலருக்கு, காலிலிருந்து மேலே போகும் பெருஞ்சிரையே கல்லீரலுக்குக் கீழே அறுந்து, வேறொரு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு இதயத்துக்கு மேல்பக்கமாகப் போய்ச் சேரும். தொடையிலிருந்து கிளம்பும் கம்பி நேர்வழியில் போகவே முடியாது. உக்கடத்தில் பஸ் ஏறி ரயில்வே ஸ்டேஷன் போக, ஈரோட்டைச் சுற்றி வருகிற மாதிரி. அப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்துச் சிரை வழியாகவோ, கல்லீரலில் ஊசி குத்தி அந்த வழியாகவோ போய் அப்ளேஷன் செய்த டாக்டர்கள் உலகத்தில் உண்டு.

இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் சி.டி. ஸ்கேன். மாமாவுக்கும் எடுத்தார்கள்.

நுரையீரல் சிரைகள் நான்கும் கச்சிதம். ஆனால்...

"உங்களுக்கு ஒரு குழாய் எக்ஸ்ட்ரா இருக்குதுங்க" என்றார் டாக்டர்.

தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தத்தை இதயத்தில் சேர்க்க, எல்லோருக்கும் வலப்பக்கம் ஒரு பெருஞ்சிரை உண்டு. மாமாவுக்கு இடப்பக்கமும் ஒன்று. ஊரில் எல்லோர் வீட்டுக்கும் சிறுவாணி மட்டும், மாமா வீட்டுக்குச் சிறுவாணியோடு பில்லூர் கனெக்‌ஷனும்! ஆயிரம் பேரில் மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு இப்படி இருக்கும். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. செத்து எரிகிற வரைக்கும் தெரியாமலே போனவர்கள் ஏராளம்.

இன்னொரு வேடிக்கை, கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்குமே இரண்டு கனெக்‌ஷன்தான். பிறப்பதற்குள் இடதுபக்கத்தது மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் ஒரு நார் மாதிரி மிச்சம் இருக்கும். லண்டனில் ஜான் மார்ஷல் என்பவர் 1850-ல் இதை விவரித்ததால் அந்த நாருக்கும், அதில் ஒட்டியிருக்கும் குட்டிச் சிரைக்கும் அவர் பெயர். அது சும்மா கிடப்பதில்லை. அதிலும் இதயத் தசை இழைகள் உண்டு, நரம்புகள் உண்டு. சிலருக்கு சங்கு அங்கிருந்தும் ஊதும்.

நம்மூர் சமாசாரம்தான் இது. நொய்யலிலிருந்து குளங்களுக்குப் போன பழைய ராஜவாய்க்கால் மேல் மண்ணைப் போட்டு சைட் பிரித்து விற்கிறார்கள். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. நல்ல மழை ஒன்று பெய்தால், வாய்க்கால் தன் பழைய பாதையைக் கேட்டு ஹாலுக்குள் வந்து நிற்கும். மாமாவுக்கு அந்த வாய்க்கால் மூடவே இல்லை, முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படித் திறந்தே இருக்கும் இடது பெருஞ்சிரையிலிருந்தே ஏ.எஃப். கிளம்புகிறது என்பதை 2004-ல் அதே போர்டோ குழு சில நோயாளிகளிடம் கண்டு எழுதியிருக்கிறது.

இப்போது மது சமாசாரம். அந்த மார்ஷல் சிரைக்குள் ஆல்கஹாலைச் செலுத்தி, சங்கு ஊதுகிறவனை அங்கேயே காலி செய்யும் ஒரு வைத்தியம் உண்டு. ஹூஸ்டன் நகரத்து டாக்டர் மிகேல் வால்டெர்ராபானோ தலைமையில் விடாப்பிடி ஏ.எஃப். உள்ள 343 பேரிடம் செய்து பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு தடவை அப்ளேஷன் மட்டும் செய்ததில் தப்பியவர்கள் 38 சதவிகிதம். ஆல்கஹாலும் சேர்த்ததில் 49 சதவிகிதம். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப டாஸ்மாக்ல குடிக்கறவனெல்லாம் வைத்தியம் பண்ணிக்கறானா?" என்றார்.

அதுதான் இல்லை. அதே 2020-ல் ஆஸ்திரேலியாவில் இன்னோர் ஆராய்ச்சி. ஏ.எஃப். உள்ள 140 குடிப்பழக்கக்காரர்களில் பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில், தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது. விட்டவர்களில் 53 சதவிகிதம். ஆகவே சனிக்கிழமை பார்ட்டிக்காரர்களே, ஆல்கஹால் டாக்டர் கையிலிருந்து சிரைக்குள் போனால் மருந்து. கிளாஸிலிருந்து தொண்டைக்குள் போனால் சங்கு!

*

இனி டாக்டர் சொன்ன இன்னொரு வாக்கியம். வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது இதனால்தான்.

"இந்த மாதிரி அமைப்புல நான் அதிகம் பண்ணினதில்லைங்க. இந்தக் கேஸ் நிறையப் பார்த்த சென்டருக்கு எழுதித் தர்றேன். அங்க போங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு மெஷினைப் பாத்து 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருப்பனா? சோலி தெரியாத ஆளுகிட்டப் போயிருக்கறோம் மாப்ளே." அத்தைக்கோ வேறு கவலை. "ஒருத்தர் முடியாதுன்னு சொன்னதை இன்னொருத்தர் எதுக்குங்க தொடோணும்? மாத்திரையே போதுமுங்க." சொந்தக்காரர் ஒருவர், "கமிஷனுக்குத்தான் அனுப்பறாங்க" என்று தன் பங்குக்கு ஒரு கொள்ளி வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நான் என் படிப்பின்படி ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டேன்.

வரவுப் பக்கம்: விட்டு விட்டு வரும் ஏ.எஃப்.பாக இருந்தால், அப்ளேஷன் செய்துகொண்ட பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் ஒரு வருஷத்துக்குத் தொல்லை இல்லாமல் இருக்கிறார்கள். படபடப்பு குறையும், தூக்கம் வரும், மாடி ஏறலாம்.

செலவுப் பக்கம்: தொடையில் ரத்தக் கசிவு. இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது சுமார் நூற்றில் ஒருவருக்கு. பக்கவாதம் அதைவிடக் குறைவு. மேலறைக்குப் பின்னால் ஒட்டி ஓடும் உணவுக் குழாய் வெந்துபோவது மிக மிக அபூர்வம், ஆனால் வந்தால் உயிருக்கே உலை. மாமாவுக்குக் கூடுதலாக ஒன்று: அந்த எக்ஸ்ட்ரா சிரையை ஒட்டி, மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. தெரியாமல் அதைச் சுட்டுவிட்டால் மூச்சுக்கே கஷ்டம்.

குறிப்பு: 2,204 பேரை வைத்து நடந்த கபானா என்ற ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. சாவு, முடக்கும் பக்கவாதம், பெரும் ரத்தக் கசிவு, இதயம் நின்றுபோவது எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்ததில், மாத்திரையைவிட அப்ளேஷன் தெளிவாக ஜெயித்தது என்று சொல்ல முடியவில்லை. இதயம் பலவீனமானவர்களுக்குக் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு முதல் லாபம் நிம்மதிதான்.

ஷீட்டைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புரிந்தது. செலவுப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் யார் கை என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். அந்த டாக்டர் தன் கையின் கணக்கைத் தானே போட்டு, தனக்கு வரவேண்டிய ஃபீஸையும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்! அவரைப் போய் சோலி தெரியாதவர் என்கிறாரே மாமா!

"மாமா, மில்லுல ஜெர்மன் மெஷின் ஒண்ணு வந்துச்சே, முதல் நாளே நீங்களா கழட்டினீங்க?"

"அதெப்படிக் கழட்டறது? டிராயிங் இல்லாம கையே வெக்க மாட்டேன். கம்பெனி ஆளு வந்து ஒருக்கா பிரிச்சுக் காட்டினான், அப்பறந்தான்."

"டாக்டரும் அதைத்தானே சொல்றாரு? டிராயிங் பார்த்தாரு. இது வேற மெஷின்னு கண்டுபிடிச்சாரு. பிரிச்சுப் பழகின ஆளுகிட்டப் போகச் சொல்றாரு."

மாமா பதில் பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "சேரன்ல டிக்கெட் இருக்குதான்னு பாரு" என்றார்.

*

சென்னை ஆஸ்பத்திரியில் நாலரை மணி நேரம். அத்தை வாசலில் உட்கார்ந்து முருகன் முதல் அண்ணமார் வரை எல்லோருக்கும் நேர்ந்துகொண்டார். வெளியே வந்த டாக்டர் சொன்னது: நான்கு நுரையீரல் சிரைகளுக்கும் வளையம் போட்டாயிற்று. அப்புறமும் சங்கு ஊதியது. எக்ஸ்ட்ரா சிரைக்குள் போய்ப் பார்த்தால், ஆசாமி அங்கேதான். நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, சுடுவதற்கு முன்னால் ஒவ்வோர் இடத்திலும் லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்களாம். வயிறு விக்கல் மாதிரித் துள்ளினால் அந்த இடத்தைத் தொடாமல் விலகினார்களாம். அதனால்தான் அவ்வளவு நேரம்.

ஸ்கேன் பார்க்காமல், நாலு சிரையோடு நிறுத்தியிருந்தால்? செலவு முழுசாக ஆகியிருக்கும், கோழி மறுநாளே ரெக்கை அடித்திருக்கும்.

மூன்றாவது வாரம் நிஜமாகவே ஒரு நாள் அடித்தது. வீடு கலவரமானது. சுட்ட புண் ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் வந்துபோவதைத் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம் என்றார்கள். அப்புறம் இன்றைக்கு வரை ஒரு வருஷமாகச் சத்தமில்லை. "அப்ப ரத்த மாத்திரையை நிறுத்திரலாமுங்களா?" என்று மாமா ஆசையாகக் கேட்டார். கூடாது என்று விட்டார்கள். அப்ளேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மூன்று மாதம் அந்த மாத்திரை வேண்டும். அதற்கு மேல் வேண்டுமா என்பதை வயசு, பி.பி., சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், கோழி கத்துகிறதா என்பதை வைத்து அல்ல. மாமாவுக்கு பி.பி.யும் உண்டு, சர்க்கரையும் உண்டு. திண்ணையை நினைத்துக்கொண்டு தினமும் முழுங்குகிறார்.

'இதெல்லாம் அறுபது வயசுக்காரர் சமாசாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டப் போகும் ஆபீஸ் இளைஞரே, ஒரு நிமிஷம். இந்தியாவில் 2011, 2012-ல் 24 ஆஸ்பத்திரிகளில் சுமார் 1,500 ஏ.எஃப். நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். சராசரி வயசு 55-தான். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம், சின்ன வயசில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்தது. அவர்களுக்கு முதலில் கவனிக்க வேண்டியது வால்வை. மாத்திரையும் வேறு. ஆகவே பக்கத்து சீட் நண்பருக்குச் செய்த வைத்தியத்தை அப்படியே உங்களுக்கும் கேட்காதீர்கள்.

அப்ளேஷன் என்று டாக்டர் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். என் சிரைகள் எப்படி இருக்கின்றன என்று முன்கூட்டியே படம் எடுத்துப் பார்ப்பீர்களா? என் அமைப்பு வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வீர்கள்? இது போல நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறவரை நம்பலாம். 'இது என் கைக்கு மீறியது' என்று சொல்கிறவரை இன்னும் கொஞ்சம் கூட நம்பலாம்.

அதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வேகம் கூடக்குறைய இருக்கலாம். தாளம் கணக்கில்லாமல் தப்பினால் உடனே ஒரு ஈ.சி.ஜி. கோழி கூட்டில் உட்கார்ந்துவிட்டால், விடாமல் ஹோல்ட்டர்.

மாமா இப்போது இதை ஒரு சேவையாகவே செய்கிறார். போன மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகிறவர்களை மடக்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணமேடையில் ஏறி மாப்பிள்ளைப் பையனையும் விடவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடி எண்ணிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்:

"நூத்திப்பத்து ஓடுதுங்க. ஆனா ஒரே சீரா ஓடுது. இது வியாதி இல்லீங்க, தாலி."